31ஆம் நாள் மலரில் இரண்டு பக்கம். பேரப்பிள்ளைகளுக்கு வேறு என்ன விட்டுப்போகலாம்?

கணக்கு வாத்தியார் (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்த வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் ஒரு நினைவு மலர் தருவார்கள். அட்டையில் படம், உள்ளே பஞ்சபுராணம், சிவபுராணம், நடுவில் இரண்டு பக்கத்தில் ஆளின் வாழ்க்கை, கடைசியில் நன்றி நவிலல். அந்த இரண்டு பக்கத்திலும் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், யாருக்கு மாமன், யாருக்கு மச்சான். எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த மலர்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. படத்தையும் பெயரையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல ஏலாது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. காணி பூமியில் பிரச்சினை இல்லை. வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. நானும் மனைவியும் அவளோடுதான் இருக்கிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற வயல் இளையவளுக்கு. அவள் லண்டனில். வயலை என்ன செய்வாள் என்பது அவள் பாடு.

நான் கேட்பது மற்றதை. என் அப்பா ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குக் குளிர்த்தி, அதாவது அம்மனின் கோபத்தைத் தணிக்கிற பாட்டு, பாடியவர். அவர் கைப்பட எழுதிய சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய நோட்டு) என்னிடம் இருக்கிறது. எனக்குப் பாட்டு வராது, கணக்குத்தான் வந்தது. லண்டன் பேரன்மார் இருவருக்கும் தமிழ் விளங்கும், வாசிக்கமாட்டார்கள். இந்தக் கொப்பி, எங்கள் ஆட்கள் கும்பிட்ட முறை, சடங்குக்குக் கோயில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி முடியும்வரை அப்பா ஏன் வீட்டில் ஒருவரையும் ஏசமாட்டார் என்பது போன்ற சங்கதிகள், இதையெல்லாம் எப்படிக் கொடுத்துவிட்டுப் போவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், அது கோயில் ஒலிபெருக்கியில் தாராளமாகக் கிடைக்கிறது.

டொரண்டோக் குளிர்

சேர், நான் வாங்குகிற பக்கத்தில் இருப்பவள். அதனால் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

அப்பா கடைசிக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு நீளக் கடிதம் எழுதினார். எல்லாம் புத்திமதி. நேர்மையாக இருங்கள், கோயிலை மறக்காதீர்கள், சகோதரங்கள் பிரியாதீர்கள். வாசித்தேன், அழுதேன், பத்திரமாக வைத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அவர் வரவுசெலவு எழுதிய சின்ன டயறி ஒன்றும் கூடவே வந்தது. அதைத்தான் அடிக்கடி எடுக்கிறேன். மீன் இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு. 1978 நவம்பர் 24ஆம் திகதிப் பக்கத்தில் காசுக் கணக்கு ஒன்றும் இல்லை. "இரவு சூறாவளி. ஓடு எல்லாம் போய்விட்டது. சாமித்தட்டு நனையவில்லை. காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து உலை வைத்தோம்." அவ்வளவுதான்.

என் மகனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஓடு போன வீட்டில் எப்படிச் சோறு சமைத்தார்கள் என்று கேட்டான். கடவுள் நம்பிக்கை, அயலவர் என்றெல்லாம் நான் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டி வரவில்லை. சேர், புத்திமதி எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

கூத்துக் களரி

என் அப்பா அண்ணாவியார், கூத்து ஆசான். வடமோடிக் கூத்துப் பழக்கியவர். அதனால் கொப்பிக் கதை எனக்கு நன்றாக விளங்கும், கோபமும் வரும்.

கொப்பியில் வரி இருக்கும், தாளம் இருக்காது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்த இடத்தில் மத்தளக்காரன் முகத்தைப் பார்ப்பது என்று எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்காது. எங்கள் வீட்டில் நான்கு கூத்துக் கொப்பிகள் உள்ளன. ஒன்றைத்தான் இன்றைக்கு ஆட ஏலும், ஏனென்றால் அதை ஆடிய இருவர் உயிரோடு இருக்கிறார்கள். மற்ற மூன்றும் வெறும் கடதாசி.

ஊரில் இவை எப்படிக் கைமாறி வந்தன என்று யோசித்துப் பாருங்கள் சேர். கூத்துக்குச் சட்டம் கொடுக்கிற நாளில் பொடியனைக் கூப்பிட்டு, இது உன் பாத்திரம், இது உன் வரி என்று கையில் கொடுப்பார்கள். அன்றிலிருந்து அவன் வராவிட்டால் கூத்து நிற்கும். கிழமைக்கூத்து ஒத்திகைக்கு வருவான், சலங்கை கட்டுவான், அரங்கேற்றம்வரை ஒருவருடைய வாயில் அவன் பெயர் இருந்துகொண்டே இருக்கும். கோயிலிலும் அதே சங்கதிதான். இந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) இந்த நாள் திருவிழா, இந்த வீட்டுக்கு இந்த வேலை. பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று அங்கே ஒருவரும் பேசமாட்டார்கள். எண்ணெய் கொண்டுவர வேண்டியது உன் முறை, ஏன் இன்னும் காணவில்லை என்றுதான் கேட்பார்கள்.

நினைவுப்பொருளாகக் கொடுத்தால் அலுமாரிக்குள் போகும். வேலையாகக் கொடுங்கள்.

கடலடிக் காரி

கூத்துக் களரி அண்ணன், நீங்கள் சொல்வது ஊர் முழுசாக இருந்தால் சரி. முறைக்காரரே இல்லாமல் போனால்?

நாங்கள் நாவலடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முறையும் இல்லை, சட்டம் வாங்கியவனும் இல்லை, சொல்லிக்கொடுத்தவரும் இல்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. என் அம்மாவுக்கு ஒரு படம் கூட எங்களிடம் மிஞ்சவில்லை. கடைசியில் வாழைச்சேனையில் இருக்கிற சித்தி வீட்டுக் கல்யாண அல்பத்தில், மூன்றாம் வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் கிடைத்தது. அதைப் பெருப்பித்துத்தான் சுவரில் வைத்திருக்கிறோம். ஆகவே கடதாசி வெறும் கடதாசி என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சேருக்கு நான் சொல்வது, ஒரே வீட்டில் ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். கொப்பியைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒன்றை மகளிடம், ஒன்றை லண்டனுக்கு, ஒன்றை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, நினைவு மலர் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். உங்கள் றங்குப்பெட்டி மலர்களையும் கேட்பார்கள், பெயரை மறைக்காமல் கொடுங்கள்! பழைய படங்களுக்குப் பின்னால் பெயரைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும். ஒன்றையும் லமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க ஏலாது.

கூத்துக் களரி

தங்கச்சி, மன்னிக்க வேண்டும். உங்கள் இடத்தில் இருந்து பார்த்தால் நான் எழுதியது கொடூரமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பாதி முகத்துக்குப் பெயர் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், அதையும் யோசியுங்கள்.

வட்டைக்காரன்

ஒரு கேள்வி. இவ்வளவு ஆரவாரம் எதற்கு? கடன் வைக்காமல், காணிச் சண்டை வைக்காமல் போனாலே பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் பெரியப்பா ஆன்மீகமாக என்னென்னவோ விட்டுப்போனார், கூடவே ஒரே வயலுக்கு இரண்டு காணி உறுதிப் பத்திரமும் விட்டுப்போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. தேவாரம் பாடிய குடும்பம் இப்போது நீதிமன்ற வாசலில் முகம் பார்ப்பதில்லை.

உறுதி எழுதியவன்

வட்டைக்காரன் சொன்னதைச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நான் நெடுங்காலம் ஒரு நொத்தாரிசிடம், அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணியிடம், இருந்தவன்.

மரணசாதனம் (உயில்) எழுதுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் அதுதான். கொப்பியில் எழுதி மடித்துச் சாமித்தட்டில் வைத்துவிட்டுப் போகிற கடதாசிக்குச் சட்டத்தில் இடமில்லை. சனம் இரண்டையும் குழப்பும். "என் மகன் கோயில் விளக்கை அணையவிடக்கூடாது, வடக்கு வளவு அவனுக்கு" என்று ஒரே வசனத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். வளவைச் சட்டப்படி எழுதுங்கள். விளக்கைப் பற்றி வேறு கடிதத்தில் எழுதுங்கள். அதற்குச் சாட்சி தேவையில்லை.

காத்தான்குடி நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சேர் கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு நேரான பதில் இருக்கிறது. மனிதன் மவுத்தானதும் அவனுடைய அமல்கள் (நற்செயல்கள்) நின்றுபோகும், மூன்றைத் தவிர: நிலைத்து நிற்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் அறிவு, அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. நபிமொழி. சின்ன வயதில் மதரசாவில் ஓதியது.

அதனால்தான் எங்கள் ஆட்கள் கிணறு கட்டுவார்கள், பள்ளிவாசலுக்குக் காணியை வக்ஃப், அதாவது நிரந்தரத் தர்மம், செய்வார்கள். வக்ஃப் செய்ததை மறுகா விற்க ஏலாது, வாரிசுக்கும் போகாது. மூத்தம்மா (பாட்டி) தன் காதுச் சாமானை விற்றுச் சந்தியில் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தா. பெயர்ப்பலகை வைக்க விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாயை வைத்துக் குடித்துவிட்டு மூடாமல் ஓடும். உம்மா ஏசிக்கொண்டே போய் மூடுவா. இப்போது நான் மூடுகிறேன். அது யாருடைய குழாய் என்று அங்கே குடிக்கிற ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் என்னைக் கஷ்டப்படுத்துவது வேறொன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு இங்கே காத்தான்குடிப் பள்ளிவாசலில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பள்ளிவாசல் சுவரில் குண்டு பட்ட அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. பேரன் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நான் அந்த இரவைச் சொல்வேன். கூடவே படுவான்கரைக்கு நெல் வாங்கப் போன வாப்பாவை, வெள்ளம் வந்த மாரியில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட தமிழ்ப் போடியாரையும் (பெரிய வயல்காரரையும்) சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பிள்ளை பாதி ஊரைத்தான் வாங்கிக்கொள்ளும்.

தன்னாமுனைப் பாதை

நானா, உங்கள் மனம் பெரிய மனம். எனக்கு அப்படி வரவில்லை. 1990 செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான் படுகொலை. எங்கள் பக்கத்தில் நினைவுத்தூபி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் விளக்கு வைக்கிறேன். அங்கே நின்றுகொண்டு, ஆனால் நல்லவர்களும் இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. செத்தவர்களை எதனோடும் சேர்த்து நிறுக்கக்கூடாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்வேன், அதில் குழந்தைகள் எத்தனை பேர் என்று காட்டுவேன். அதோடு நிறுத்திவிடுவேன். ஒரு முழுச் சனத்தையும் சேர்த்து "அவர்கள் இப்படித்தான்" என்று தொடங்கும் வசனத்தை மட்டும் வீட்டில் யாரும் சொல்ல விடுவதில்லை. மாமா ஒருவர் சொல்வார். அவர் வந்தால் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிடுவேன், அது வேறு கதை.

காத்தான்குடி நானா

சரி தம்பி. நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நான் நிறுத்தமாட்டேன், ஆனால் கடைக்கு அனுப்புவது நல்ல யோசனை. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார்.

நெறியாளர்

இந்த இரண்டு பதிவுகளையும் பிடித்துக்கொண்டு யார் முதலில் செய்தது என்று தொடங்கியவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. இழை திறந்தே இருக்கும்.

காரைதீவு டீச்சர்

எல்லோரும் மகள், பேரன் என்று எழுதுகிறீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமும் இல்லை. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் தீர்த்தத்தில் அப்பாவுக்காக நான் கடலில் நிற்பேன். எனக்காக யார் நிற்பார்கள் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கும் பிள்ளை இல்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிவைத்தார். யாழ் நூலுக்கு அவர் கொடுத்தது பல வருட உழைப்பு. அது 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் இல்லை. அவருடைய சமாதி அந்தப் பள்ளிக்கூட வளவுக்குப் பக்கத்தில்தான். காலையில் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறார்கள். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் நான் ஆனா எழுதப் பழக்கிய பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் ஏடு தொடக்கியிருக்கிறேன். விஜயதசமிக்கு வீட்டு விறாந்தையில் இடம் இருக்காது. தாம்பாளத்து அரிசியில் பிஞ்சு விரலைப் பிடிக்கும்போது அது பெரும்பாலும் வியர்த்திருக்கும், சில பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்ளும், அரிசி பாயெல்லாம் சிந்தும். இது எனக்குப் போதும்.

சேருக்கு ஒரு சின்ன யோசனை. உங்கள் மனைவியின் குரலையும் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துணியின் மேல் வையுங்கள். வாழ்க்கையைச் சொல் என்று கேட்டால் வாயடைத்துப்போவார்கள். கையில் ஒரு சாமானைக் கொடுத்து, இது யாருடையது என்று கேளுங்கள்.

மறுகா என்ன

சேர், நான் வயதில் சின்னவள், தப்பாக எடுக்காதீர்கள். வீடு மூத்த மகளுக்கு, அதே வீட்டில் இருக்கிறோம் என்று எழுதினீர்கள். அங்கே பிள்ளைகள் இல்லையா? லண்டன் பேரன்மாரைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

கணக்கு வாத்தியார் (கல்லடி)

எல்லோருக்கும் நன்றி. டயறிக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

'மறுகா என்ன' பிள்ளை கேட்டதற்கு: இருக்கிறாள். ஒரு பேத்தி, தரம் 8. பாட்டு நன்றாக வரும். அம்மம்மா மடைப்பெட்டி (படையல் சாமான் பெட்டி) எடுக்கும்போது கூடவே போவாள், சடங்கு ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுக் குளிர்த்தியில் சில இடங்கள் அவளுக்கு ஏற்கெனவே பாடம். ஆனால் எங்கள் கோயிலில் அதைப் பாடுவது ஆண்கள். துடக்கு, தீட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாட முடியாத பிள்ளைக்குப் பழக்கிவிட்டு, பிறகு நீ வெளியே நில் என்று சொல்வதா? அதனால்தான் அவளைப் பற்றி எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கொப்பியில் நடுப்பக்கங்கள் சிலவற்றைக் கறையான் தின்றுவிட்டது. பழக்கினாலும் முழுசாகப் பழக்க ஏலாது.

வழமை

சேர் சொன்னதுதான் சரி. நான் ஒரு கண்ணகி அம்மன் கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) குடும்பம். குளிர்த்தி மேடைப் பாட்டு இல்லை. மதுரையை எரித்துவிட்டு வந்த தாயின் கோபத்தைத் தணிக்கிற சடங்கு. கட்டாடியார் (பூசாரி) காப்புக் கட்டி, நோன்பிருந்து, வேப்பிலையும் தண்ணீரும் வைத்துச் செய்வது. ஆளுக்கு ஆள் நியாயம் பேசி மாற்றினால் பத்து வருடத்தில் அது கலைவிழா ஆகிவிடும். வடிவாக இருக்கும், அம்மன் இருக்கமாட்டா.

மறுகா என்ன

அண்ணன், கோபம் ஒரு பெண்ணுடையது, தணிக்கப் பெண் கூடாதா? வீடு தாயோடு போகிறது, குடி தாயோடு போகிறது. எந்தக் குடி என்று கேட்டால் நீங்களும் உங்கள் அம்மாவின் குடியைத்தான் சொல்வீர்கள்.

கூத்துக் களரி

கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் போட்டார்கள். என் அப்பா மூக்குத்தியோடு நிற்கிற படம் எங்களிடம் உண்டு. இன்று கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகள் கூத்து ஆடப் படிக்கிறார்கள். என் மருமகளும் ஆடினாள். அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு தாளம் பிழைத்த இடத்தில் எழும்பிப் போய்த் திருத்தினார். சடங்கு வேறு, கூத்து வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாயில் பாட்டு இருக்கிற ஆள் ஒன்று ஊரில் இருப்பது நல்லது. கோயிலுக்குள் யார் நிற்பது என்பதைக் கோயில் பார்த்துக்கொள்ளட்டும்.

டொரண்டோக் குளிர்

சேர், உங்கள் லண்டன் பேரன்மாருக்கும் அந்தப் பேத்திதான் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரியவர்கள் சொன்னால் என் மகன் தலையை ஆட்டுவான். மட்டக்களப்பு மச்சாள் வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினால் திருப்பிப் பாடி அனுப்புவான்.

கணக்கு வாத்தியார் (கல்லடி)

வழமை தம்பி சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் அவர் பக்கம்தான் நின்றிருப்பார். ஆனால் நேற்று மாலை அந்தப் பிள்ளை சாமித்தட்டுக்கு முன்னால் இருந்து கொப்பியை வாசித்தாள். அப்பாவின் எழுத்தில் ழகரமும் முகரமும் ஒன்றுபோல இருக்கும், நான் தடுமாறுகிற இடங்களை அவள் பாட்டின் ஓட்டத்தை வைத்துக்கொண்டு சரியாகப் பிடித்தாள். கறையான் தின்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, இதற்குப் பிறகு என்ன தாத்தா என்றாள். எனக்குத் தெரியாது.

வழமை

சேர், கோயிலுக்குள் பெண்பிள்ளை பாடுவதற்கு நான் இன்றைக்கும் உடன்பாடு இல்லை. வண்ணக்கர் கூட்டத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அது இருக்கட்டும். எந்த வரியோடு பக்கம் நிற்கிறது? எங்கள் கோயில் பிரதி முழுசாக இருக்கிறது, ஏட்டிலிருந்து பார்த்து எழுதியது. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு சொல் மாறும், ஆனால் அடுக்கு ஒன்றுதான். அறுந்த இடத்துக்கு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், எங்களுடையதைப் பார்த்து எழுதித்தருகிறேன். கொப்பியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள், மழைக்காலம்.

மறுகா என்ன

எழுதித் தந்தால் மெட்டு எப்படி வரும் அண்ணன்? பாடி அனுப்புங்கள்.

வழமை

நான் பாடினால் அம்மன் ஊரைவிட்டே போய்விடுவா. எங்கள் கட்டாடியாரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.